வாச்சர் சோலைமலையின் சிவப்பு டோர்ச்

காக்காப்பாறைத் தோட்டத்தில் இருட்டைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள மனிதர் ஒருவர்தான் என்று சோலைமலை நம்பினார். அந்த ஒருவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோருக்கு அவர் பன்னிரண்டு வருடமாக இரவு வாச்சர். எழுபத்தொன்றாம் வருடம், கையில் ஒரு தீக்குச்சிகூட இல்லாமல், நாற்பது முழத் தூரத்தில் ஒரு திருடன் பதுங்கி நின்றதைக் கண்டுபிடித்து விசில் ஊதியவர். திருடன் என்பது அவர் கதை. மலையில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் கிடாரிக் கன்று என்பது அன்று விசில் கேட்டு ஓடிவந்தவர்களின் கதை. கன்றும் திருட்டுப் புல்தான் மேய்ந்தது என்று அவர் வாதாடி, இரண்டு கதையையும் ஒன்றாக்கி வைத்திருந்தார்.

வாச்சராவதற்கு முன் பதினாறு வருடம் கான் வெட்டினார். மழை நாளில் இடுப்பை வளைத்து, தேயிலைச் சரிவில் மூடிக்கிடக்கும் வடிகானை மண்வெட்டியால் திறந்துகொண்டே போகிற வேலை. காலில் அட்டை, முதுகில் படங்குச் சாக்கு, பின்னால் கங்காணியின் வாய். அதிலிருந்து தப்பி, கூரைக்குக் கீழே, கம்பளிக் கோட்டுக்குள்ளே வந்து சேர்ந்த மனிதர் அவர். பெரிய துரையின் பழைய கோட்டு அது. பித்தான் நான்கில் ஒன்று இருந்தது. அந்த ஒன்றையும் எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்.

எண்பத்திரண்டாம் வருடம் அவருக்கு ஐம்பத்தொன்று. இரண்டு வருடமாக ஒரு சங்கடம். பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை.

பகலில் ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோப்பார். ஆறு மணிக்குப் பிறகு மலை, தொழிலாளர் லயம், மனிதர், மாடு எல்லாம் ஒரே கம்பளியாகிவிடும். காவல்காரனுக்கு இப்படி ஒரு நோய் வருவதில் ஏதோ ஒரு நியாயம் இருந்தாலும், அதை ரசிக்கும் நிலையில் அவர் இல்லை. விஷயம் பெரிய துரையின் காதுக்குப் போனால் கோட்டைக் கழற்றிவிட்டு மறுநாள் விடியலில் ஆள் பிரிக்கும் பெரட்டில் மண்வெட்டியோடு நிற்க வேண்டும். ஐம்பத்தொரு வயதில், அதே கான், அதே மழை. ஆகவே அவர் காலடி எண்ணிக் காவல் காத்தார். பொயிலர் கதவிலிருந்து மாடிப்படிக்கு முப்பத்தொன்று, படியிலிருந்து பெட்டி அறைக்குப் பத்தொன்பது. ஒருநாள் யாரோ ஒரு தள்ளுவண்டியை வழியில் விட்டுப்போக, முழங்கால் சிப்பி வீங்கியது. இருட்டில் பாம்பைத் தாண்டும்போது பட்ட அடி என்று மறுநாள் விளக்கினார். பாம்பின் நீளம் மத்தியானத்துக்குள் ஆறடியானது.

வீட்டில் அவர் பெண்சாதி காளியாயிக்கு மட்டும் உண்மை தெரியும். தெரியாமல் எப்படி? ஒரு மாலை அவர் பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்து, “எப்ப வந்தே?” என்று கேட்டார்.

“அது நேத்தே வந்திருச்சுங்க” என்றாள் காளியாயி. “நீங்க இன்னுங் கொஞ்சம் பேசிட்டு வாங்க, சோறு ஆறாது.”

“டிஸ்பென்சர் ஐயாகிட்ட போகலாம்தான்...”

“போங்க. கால் நோவுக்கும் ரோஸ் தண்ணி, வயித்தால போனாலும் ரோஸ் தண்ணி. கண்ணுக்கு என்னா குடுக்கப்போறாரு?”

அவருடைய பயம் ரோஸ் தண்ணி அல்ல. டிஸ்பென்சர் சனிக்கிழமைகளில் கிளாக்கர் ஐயாமாரோடு கடுதாசிச் சீட்டு விளையாடுபவர். அந்த மேசையில் வெளியே வராத ரகசியம் கிடையாது.

இப்படி இருக்கையில்தான் றோலண்ட் ஐயாவின் கப்பல் கதை வந்தது. றோலண்ட் தோட்டத்து டீமேக்கர். கொழுந்து ஸ்டோருக்குள் நுழைவதிலிருந்து பெட்டியாக வெளியேறுவது வரை அவர் பொறுப்பு. இளவயதில் இரண்டு வருடம் கடற்படையில் களஞ்சிய எழுத்தராக இருந்தார். கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததாக அவரே சொன்னதில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தை வைத்து இருபத்தைந்து வருடம் பேசிக்கொண்டிருந்தார்.

“கப்பல்ல ராத்திரி வெள்ளை லைட் போட மாட்டாங்க” என்று ஒரு மாலை கிளாக்கர் ஞானரட்ணத்திடம் சொன்னார். “சிவப்புதான். வெள்ளை வெளிச்சத்தை ஒருக்கா பாத்தா, கண்ணு மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் எடுக்கும். சிவப்பு அப்பிடியில்ல. இருட்டுப் பார்வை அப்பிடியே இருக்கும்.”

நல்ல கண்ணை நல்லபடி வைத்துக்கொள்ளும் வழியைத்தான் றோலண்ட் சொன்னார். கெட்ட கண்ணுக்கு வைத்தியம் என்று, வாசலில் நின்ற சோலைமலை எடுத்துக்கொண்டார். இரண்டு வருடமாகத் தன் பார்வையைத் தின்றது கையிலிருந்த வெள்ளை டோர்ச்தான் என்பது அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. குற்றவாளி கையோடு பிடிபட்ட மாதிரி அதைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு ஹட்டனுக்கு பஸ் ஏறினார். கடைகளில் வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்திருந்த காலம் அது. ஐந்து வருடத்துக்கு முன் பற்றரிக்குக் கியூவில் நின்ற சனம், இப்போது பாட்டுப் பாடும் மணிக்கூடு வாங்கிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஃபேன்ஸி கடையில் ஏறி, “இருட்டுல கண்ணைக் காப்பாத்துற சிவப்பு டோர்ச் இருக்குங்களா?” என்று கேட்டார்.

முதலாளி இப்படி ஒரு கிராக்கிக்காகவே காத்திருந்தவர் போல மூன்று சாமானை எடுத்து வைத்தார். முதலாவது, சிவப்புக் கண்ணாடி மூடி போட்ட பெரிய டோர்ச்.

“ரயில்காரங்க புடிக்கிறது. நல்ல சாமான். ஆனா தண்டவாளத்துப் பக்கம் கொண்டுபோயிராதீங்க, பதுளை ரயில் நின்னுரும்.”

“அப்பிடி வேணாங்க.”

“இந்தா, உங்க பழைய டோர்ச்சுக்கே சிவப்புத் தாள் கட்டிக்கலாம். ஒரு ரப்பர் வளையம் போதும்.”

“மழையில சாயம் போயிருமே.”

“அப்ப இதுதான்.” முதலாளி ஒரு சாவி வளையத்தை ஆட்டிக் காட்டினார். அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று தொங்கியது. அமுக்கினால் நுனியில் குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பாக எரிந்தது. “ஹொங்கொங்லருந்து வந்தது. இதுக்குள்ள பல்பே கிடையாது. எல்.ஈ.டி. எரிஞ்சும் போகாது, உடைஞ்சும் போகாது.”

“பல்பு இல்லாம எப்பிடிங்க எரியும்?”

“அதைத்தானே விஞ்ஞானம்னு சொல்றது.”

சோலைமலை லேசில் ஏமாறுகிறவர் அல்ல. பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்றார். நடுப் பகலில் இருட்டுக்கு எங்கே போவது? முதலாளி இடுப்பில் உடுக்கும் புதுச் சாரம் ஒன்றை எடுத்து அவர் தலைக்கு மேல் போர்த்துவிட்டார். கடைக்குள் சாமான் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபேன்ஸி கடை நடுவில் ஒரு சாரம் நின்றுகொண்டிருந்தது, உள்ளே சிவப்பாக ஒன்று மினுங்கியது.

“தெரியுதுங்களா?” என்று முதலாளி சாரத்தைக் கேட்டார்.

“தெரியுது, தெரியுது.”

“என்னா தெரியுது?”

சாரம் கொஞ்ச நேரம் யோசித்தது. “சிவப்பாத் தெரியுது” என்றது.

வாங்கிவிட்டார். சாரத்தையும் வாங்க வேண்டியதாயிற்று. தலையில் போட்டதை வேறு யாருக்கும் விற்க முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஸ்டோரில் வெள்ளை வெளிச்சத்துக்குத் தடை. சாமப் பாளியில், இரவு முறையில், வேலை செய்கிறவன் பீடி பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தால்கூட, “அணை, கண்ணைக் கெடுத்திராதே” என்று அதட்டல் வரும். அந்தப் பொட்டு வெளிச்சத்தில் அவருக்குத் தன் கைவிரல் தெரியும். முயற்சி செய்தால் மணிக்கட்டும் தெரியும். ஆனால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதாகச் சொன்னார். கப்பல்காரர்கள் எல்லாம் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றார். ஒரு மாதத்தில் பார்வை திரும்பிவிடும் என்று காளியாயியிடம் மட்டும் சொன்னார்.

எதிர்மலை லயத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதன் உண்மையான உபயோகம் தெரிந்தது. வாச்சர் எங்கே இருக்கிறார் என்பது இப்போது ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே துலக்கமாகத் தெரிந்தது. சிவப்புப் பொட்டு பொயிலர் பக்கம் நகர்ந்தால் விறகுக் கொட்டிலில் காவல் இல்லை என்று அர்த்தம். அந்த மாதம் குளிரில் நடுங்கிய வீடு எதுவும் இல்லை.

அடுத்து நடந்ததைச் சொல்ல, ஸ்டோரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நல்ல தேயிலை மரப் பெட்டியில் அடைத்துக் கொழும்புக்குப் போகும். சலித்து மிஞ்சிய தூசும் தும்பும், தொழிலாளர்களுக்கு மாதம் ஒருமுறை ஆளுக்கு ஒரு றாத்தல் ‘தேயிலைத் தூள்’ என்று கொடுக்கப்படும். அது எப்போதும் சாக்கில்தான் இருக்கும். அந்த மாதம் சாக்குத் தட்டுப்பாடு. றோலண்ட் மூன்று பழைய பெட்டிகளில் அதை அடைத்து, மாறிப்போகாமலிருக்கப் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புச் சாயத்தால் பெரிய சிலுவை போடச் சொன்னார். கடைசியாக அடைத்ததால் மூன்றும் பெட்டி அறையின் முன்வரிசையில், வாசலுக்கு நேரே நின்றன.

“திங்கக்கிழமை விடியுமுன்ன லொறி வரும்” என்று சனிக்கிழமை சோலைமலையிடம் சாவியைக் கொடுத்தார். “பன்னெண்டு பெட்டி ஏத்தணும். சிலுவை போட்ட மூணும் நிக்கட்டும். வெளங்குதா?”

“என்னாங்க ஐயா, எனக்கா சொல்றீங்க?”

றோலண்ட் அன்றே கண்டிக்குப் போய்விட்டார். மச்சாள் மகளின் கலியாணம். துரையிடம் லீவு கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார் என்பதால் கேட்காமல் போவது மரியாதை என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது, எஞ்சின் ஓடாவிட்டால் ஸ்டோரில் லைட் கிடையாது. திங்கள் விடியற்காலை நாலரைக்கு லொறி வந்தபோது, உள்ளே இருந்த ஒரே வெளிச்சம் ஹொங்கொங்கிலிருந்து வந்ததுதான். டிரைவர் தன் டோர்ச்சை அடித்தார்.

“அணைங்க அதை. கண்ணு கெட்டுரும்.”

“யாரு கண்ணு?”

“எங்கண்ணுதான்.”

“எதையெதை ஏத்தணும்னு நீங்களே காட்டுங்க அப்ப” என்று டிரைவர் டோர்ச்சை அணைத்துவிட்டு, லொறி வாசலில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.

சோலைமலை ஒவ்வொரு பெட்டியாக மூக்கு முட்டும் தூரத்தில் குனிந்து, சிவப்புப் பொட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பதினைந்து பெட்டி. ஒன்றிலும் சிலுவை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் கண்ணைக் குறை சொல்வது அநியாயம். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புச் சாயம் தெரியாது. வெளுத்த மரமும் சிலுவையும் ஒரே நிறமாகிவிடும். கழுகுக் கண் உள்ளவனாலும் முடியாது.

ஐயா சிலுவை போட மறந்துவிட்டார் என்று தீர்மானித்தார். டிரைவர் அவசரப்படுத்தினார். தெரியவில்லை என்று சொன்னால் கண் விவகாரம் வெளியே வரும். ஆகவே அவர் புத்தியைப் பயன்படுத்தினார். தூள் நம்ம ஆளுங்களுக்குக் கொடுப்பது. நம்ம ஆளுக்குக் கொடுப்பதை இந்தத் தோட்டத்தில் யார் முன்னால் வைத்தார்கள்? லயமோ, குழாயோ, ஆஸ்பத்திரியில் உட்காரும் வாங்கோ, எதுவானாலும் நம்முடையது பின்னால்தான். ஐம்பத்தொரு வருட அனுபவத்தில் இதற்கு ஒரு விலக்கைக்கூட அவர் கண்டதில்லை.

“பின்னால நிக்கிற மூணையும் விட்டுட்டு, முன்னால இருக்கிறதெல்லாம் ஏத்துங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை கிளாக்கர் ஞானரட்ணம் மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த மூன்று பெட்டியையும் உடைத்து ஆளுக்கு ஒரு றாத்தல் நிறுத்துக் கொடுத்தார். பெட்டியில் சிலுவை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கொடுக்க வேண்டியது மூன்று, நின்றது மூன்று. தேயிலை என்பது சட்டைக் கழுத்தில் ஒட்டும் ஒரு தூசு என்பதற்கு மேல் அவருக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் கிடையாது.

அன்று மாலை லயத்தில் கூச்சல்.

“என்னாடி இது, தூளா வைக்கலா?” என்று மீனம்மா தன் வீட்டு வாசலில் கேத்தலைக் கொண்டுவந்து வைத்தாள். சோலைமலை வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி. கொழுந்தெடுப்பதில் தோட்டத்திலேயே முதல் கை. “முக்கால் மணித்தியாலம் கொதிக்க வச்சேன். சாயம் எறங்கல. பாரு, குழந்தப் புள்ள மூத்திரம் மாதிரி.”

“வாசம் வேற வருதுடி” என்றாள் இன்னொருத்தி. “பூ வாசம். செத்த வீட்டு மால மாதிரி.”

“தொண்டையில ஒண்ணும் புடிக்கல. குடிச்ச மாதிரியே இல்ல.”

“கழிவு தீந்திருச்சு போல, கழிவுல கழிவைக் குடுத்துட்டானுங்க.”

நாள் முழுதும் அந்தக் கொழுந்தைக் கிள்ளிய விரல்கள். அது என்னவாக முடிகிறது என்று நாக்கில் வைத்துப் பார்த்தது அன்றுதான். பார்த்தவுடன் துப்பினார்கள்.

சோலைமலை வீட்டுக்குள் இருந்தார். காளியாயி நீட்டிய கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனதும் கீழே வைத்துவிட்டார். பன்னிரண்டு வருடம் ஸ்டோரில் படுத்து எழும்பியவருக்கு அந்த வாசம் தெரியாதா?

“காளியாயி, இது நம்ம தூளு இல்லடி. கொழும்புக்குப் போறது.”

“அப்ப நம்ம தூளு?”

“கொழும்புக்குப் போயிருச்சு.”

காளியாயி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். “போகட்டும். அவங்களும் ஒரு நாளைக்கு நல்லா சாயமாக் குடிக்கட்டுமே.”

“சிரிக்காதடி. கோட்டு போயிரும். மம்பட்டியத் தூக்கணும்.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். மழையில் நனைந்த சாக்கைப் பதினாறு வருடம் அடுப்பில் காய வைத்தவள் அவள்தான்.

புதன் காலை றோலண்ட் திரும்பினார். உடைந்த பெட்டிகளின் அடியில் ஒட்டியிருந்ததை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். கலியாண வீட்டுக் களை முகத்திலிருந்து இறங்கியது. ஹட்டன் ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டிலுக்கு டெலிபோன் போட்டார். வெகன் இன்னும் நிறையவில்லை. பெட்டிகள் வியாழன் சாயந்தரம்தான் கொழும்புக்குப் போகும். பிறகு சோலைமலையை அழைத்தார்.

“சிலுவையைப் பாக்கலையா நீ?”

“சிலுவை இல்லைங்க ஐயா. ஒவ்வொண்ணாப் பாத்தேன்.”

“எதை வச்சுப் பாத்தே?”

சோலைமலை சாவி வளையத்தை எடுத்து நீட்டினார். றோலண்ட் அதை அமுக்கினார், எரிந்தது. அமுக்கினார், அணைந்தது. மெல்ல ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“எந்த மடையன் இதை வாங்கச் சொன்னான்?”

“நீங்கதான் சொன்னீங்க ஐயா. கப்பல்ல...”

றோலண்ட் கையை உயர்த்தித் தடுத்தார். “இங்க பாரு. நான் லீவு எழுதாமப் போனேன். நீ பெட்டி மாத்தி ஏத்தினே. துரைக்குத் தெரிஞ்சா நான் வீட்டுக்கு, நீ கானுக்கு. முந்நூறு வீட்டுல இருக்கிற தேயிலையை ஒரு நாளைக்குள்ள எப்பிடித் திருப்பி எடுக்கிறது?”

அதற்கு விடை வெளியே கேட்டது. பெண்கள் கூட்டமாக ஸ்டோர் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பொட்டலம். முன்னால் சங்கத் தலைவர் அழகன், சட்டைப் பையில் மூன்று பேனாவோடு. றோலண்ட் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“இந்தத் தூளை நாங்க ஏத்துக்க முடியாது” என்று அழகன் ஆரம்பித்தார். “தொழிலாளிக்கு இப்படி ஒரு அவமானத்தைத் தோட்டத்துல யாரும் செஞ்சதில்ல. மாத்தித் தரணும். இல்லாட்டி நாளைக்கு யாரும் மலைக்கு ஏற மாட்டாங்க.”

றோலண்ட் வெகுநேரம் தரையைப் பார்த்து யோசித்தார். அவர் அன்று யோசித்த மாதிரி கடற்படையில் எந்தத் தளபதியும் யோசித்திருக்க மாட்டான். கடைசியில், மிகுந்த வருத்தத்தோடு சம்மதித்தார். நாளைக்குப் பழைய மாதிரித் தூள். ஆளுக்குக் கால் றாத்தல் கூட. கைதட்டல் கேட்டது.

சோலைமலை தராசுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலங்களை வாங்கிப் பெட்டியில் கொட்ட வேண்டும் என்று உத்தரவு. கொட்டினார். மீனம்மாவின் முறை வந்தபோது அவள் பொட்டலத்தை உடனே கொடுக்கவில்லை.

“மாமா, நீங்க ஸ்டோருக்குள்ளேயே இருக்கிறவரு. உங்களுக்குத் தெரியும். இந்தத் தூளுக்கு என்னா கோளாறு?”

நல்ல பகல். வெயிலும் இருந்தது. அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: மீனம்மாவின் கறைபிடித்த விரல், பொட்டலத்தின் கிழிந்த மூலை, அவளுக்குப் பின்னால் நீண்ட வரிசை, தராசுக்கு அந்தப் பக்கம் றோலண்டின் கண். சொன்னால் முந்நூறு பேர் தாங்கள் பறித்த தேயிலையோடு வீட்டுக்குப் போவார்கள். அவர் ஒருவர் மண்வெட்டியோடு போவார்.

“கழிவுதான் புள்ள” என்றார். “குடுத்துரு.”

மத்தியானத்துக்குள் மூன்று பெட்டியும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டன. பதினொரு றாத்தல் குறைந்தது. அதற்குச் சலிப்பறைத் தூசைக் கூட்டி அள்ளிப் போட்டார் றோலண்ட். அன்றே ஹட்டனுக்கு லொறி போய்ப் பெட்டி மாறியது. பதினொரு றாத்தல் தூசைப் பற்றிக் கொழும்பிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வியாழன் மாலை லயத்து அடுப்பெல்லாம் கறுப்பாகக் கொதித்தது. சனம் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கி, தொண்டை கரகரக்கக் குடித்து, வெற்றி வெற்றி என்றது. அழகனுக்கு ஒரு மாலை போட்டார்கள். கோட்டு சோலைமலையின் தோளிலேயே இருந்தது. பொட்டலம் திருப்பிக் கொடுத்த வரிசையில் காளியாயி வரவில்லை என்பதை அவர் புதன்கிழமையே கவனித்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் சாயந்தரம் அவர் வேலைக்குப் புறப்படும் முன் அவள் ஒரு கோப்பையை நீட்டினாள். தேன் நிறத்தில், மூன்று நிமிடம் மட்டும் ஊறவிட்ட சாயம். கொதிக்க வைக்கவில்லை. அவர் ஒரு மிடறு குடித்தார். நாக்கில் இறங்கியதும் கண்ணை மூடினார். ஆயுளில் சொல்வதற்கு இப்படி ஒரு கதை அவருக்கு வாய்த்ததில்லை. கிடாரியும் இல்லை, பாம்பும் இல்லை. அத்தனையும் உண்மை. சொல்ல மட்டும் முடியாது.

அப்போது மீனம்மா நெருப்பெடுக்க உள்ளே வந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“என்னா அத்தை, ஒரு மாதிரி வாசம்?”

சோலைமலை கோப்பையை உள்ளங்கையால் மூடினார்.

“மாமாவுக்குக் கசாயம் போட்டேன்டி” என்றாள் காளியாயி. “கண்ணுக்கு.”

“நல்லதுதான். ராத்திரியில மாமாவுக்குக் கண்ணு தெரியாததுதான் லயத்துக்கே தெரியுமே” என்று மீனம்மா கொள்ளியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “பாவம், கசக்கும். மூச்சப் புடிச்சுக் குடிச்சிருங்க மாமா.”

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சோலைமலை முகத்தைச் சுளித்துக்கொண்டு, கசப்பதைக் குடிக்கிறவரைப் போல, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.